ஓடு மாறினால் ஆள் மாறுமா?

1996 நவம்பரில் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் ‘தமகொச்சி’ என்ற விளையாட்டுப் பொருளைச் சந்தைக்கு விட்டது. முட்டையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லும் கைக்கடிகாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கலந்து பிறந்த பெயர் அது. உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவ ஓடு, ஒரு சிறு திரை, மூன்று பொத்தான்கள். திரையில் முட்டை பொரித்து ஒரு பிராணி பிறக்கும். பசித்தால் கீச்சிட்டு அழைக்கும். உணவூட்ட வேண்டும், விளையாட்டுக் காட்ட வேண்டும், நோய் கண்டால் மருந்து கொடுக்க வேண்டும். கவனியாது விட்டால் இறந்துவிடும்.

இவற்றைச் சேகரிப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை எடுத்து, வேறு நிற ஓட்டினுள் பொருத்துவார்கள். வெடித்த ஓட்டுக்குப் பதிலாக நல்ல ஓடு. வெளிறிய நிறத்துக்குப் பதிலாகப் பிடித்த நிறம். சிவப்பின் உள்ளீட்டை நீலத்துக்கும், நீலத்தின் உள்ளீட்டைச் சிவப்புக்கும் மாற்றிவிட்டால் எது எதுவாகும்?

சிறு பிள்ளையிடம் கேட்டால் தயங்காது விடை வரும்: “என்ட குஞ்சு இப்ப நீலத்துக்குள்ள இரிக்கு.” பிள்ளை சொல்வது சரிதான். ஆனால் பலகைதான் குஞ்சு என்றும் சொல்லிவிட முடியாது. ஆரம்பகாலத் தமகொச்சிகளில் பெட்டரியின் தொடர்பு அறுந்தால் நினைவு முழுவதும் அழிந்துவிடும். மறுபடி பெட்டரி இட்டால் புதிய முட்டையொன்றுதான் தோன்றும். ஓடும் அதே, பலகையும் அதே. வளர்த்த குஞ்சு மட்டும் இல்லை.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மெய்யியலாளரை மறுத்து எழுதிய ‘தஹாபுதுல் பலாஸிபா’வில் இதற்கு நெருங்கிய கேள்வியைக் கையாள்கிறார்கள். மறுமையில் ஆன்மா உடலுக்குத் திரும்பும்போது அது பழைய பொருளாலான உடலாக இருக்கலாம், வேறு பொருளாலானதாகவும் இருக்கலாம். மனிதன் இன்னான் என்பது அவனது ஆன்மாவினால்தான் என்பது அங்கே அவர்களின் வாதம். குழந்தைப் பருவத்திலிருந்து முதுமைவரை உடலின் பகுதிகள் மாறிக்கொண்டே இருந்தும் நாம் அதே ஆளாகத்தானே இருக்கிறோம் என்கிறார்கள்.

விளையாட்டுப் பொருளுக்கு ஆன்மா இல்லை. ஆயினும் ஓட்டை வைத்து உள்ளிருப்பதைத் தீர்மானிக்க முடியாது என்பதை அது கையில் வைத்துக் காட்டுகிறது.

அப்படியானால் ஓடு ஒரு பொருட்டே அல்லவா? இங்குதான் நான் வேறுபடுகிறேன். சேகரிப்போர் சந்தையில் அரிய நிற ஓட்டுக்கு அதிக விலை. சாதாரணப் பலகையொன்றை அரிய ஓட்டினுள் இட்டு, மாற்றியதைச் சொல்லாமல் விற்பவன் குஞ்சுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, வாங்குபவனுக்குச் செய்கிறான். சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றான் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். மேற்பரப்பு பிறருக்குச் சொல்லும் சாட்சியம். அது பொய்க்கக் கூடாது. ஓட்டை மாற்றுவதில் குற்றமில்லை, மாற்றியதை மறைப்பதில்தான் குற்றம்.

ஓட்டுக்குரிய கடமை வியாபாரத்தோடு முடிவதுமில்லை. ஆன்மாவே மனிதன் என்று கஸ்ஸாலி வாதிட்ட அதே மார்க்கம்தான் ஆன்மா பிரிந்த உடலைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, மண்ணில் வைக்கச் சொல்கிறது. 2020இல் கொரோனாவால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று இந்நாட்டில் விதிக்கப்பட்டபோது, “உயிர் போன பின் உடலில் என்ன இருக்கிறது?” என்று நம்மிடம் கேட்டவர்கள் இருந்தார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை அக்கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. உடல்தான் ஆள் என்று நாம் நம்பியதால் அழவில்லை. அந்த உடலின் ஊடாகத்தான் அந்த ஆளை அறிந்திருந்தோம், கைகுலுக்கினோம், ஸலாம் சொன்னோம். அந்த உடலுக்கு நாம் பட்ட கடன் உயிர் பிரிந்ததும் தீர்ந்துவிடுவதில்லை.

ஆகவே இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டியிருக்கிறது. நிறத்தையும் உடையையும் கண்டு ஒருவரை இன்னார் என்று தீர்ப்பளிப்பது தவறு. ஓடுதானே என்று அதைத் தூக்கி எறிவதும் தவறு. கஸ்ஸாலியின் விடை முதல் தவறுக்கு மருந்து. கபன் துணி இரண்டாவதற்கு.