பாராட்டுக என்கிறது கேள்வித்தாள்

பள்ளித் தமிழ்த் தேர்வில் ஒரு பாட்டைக் கொடுத்து 'இலக்கிய நயம் பாராட்டுக' என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான். திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை, மோனை, அணி, சந்தம் என்று தலைப்புப் போட்டுக்கொண்டே போகலாம். பாட்டைப் படிக்காமலேகூட எழுதிவிடலாம். இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, முதலெழுத்து ஒத்து வந்தால் மோனை, நடுவில் யானையையும் பாட்டையும் சேர்த்து மனப்பாடமான ஒரு வாக்கியம், முடிந்தது. நானும் அப்படி எழுதித்தான் மார்க் வாங்கினேன். எம்.ஏ. தமிழ் வரைக்கும் அந்த வித்தை கைகொடுத்தது. அந்தக் கேள்வியில் இருக்கிற வினைச்சொல் எனக்கு உறைப்பதற்கு ரொம்ப காலம் ஆயிற்று. பாராட்டுக. வாசித்துப் பார், சந்தேகப்படு, உனக்கு என்ன பட்டது சொல் என்பதெல்லாம் கிடையாது. பிரதி முன்னாலேயே ஜெயித்துவிட்டது. நீ கும்பிட்டுவிட்டு வந்தால் போதும்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் சாயங்கால வகுப்பு நடத்துகிறோம். சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணித் தறியிலும் நூல் மில் ஷிப்டிலும் நிற்கிறவர்களின் பிள்ளைகள் வருகிறார்கள். பறையர் தெரு, அருந்ததியர் தெரு இரண்டிலிருந்தும் வருகிறார்கள் (இரண்டு தெருவும் ஒரே பாயில் உட்கார ஆறு மாதம் பிடித்தது, அது தனிக் கதை). இவர்களோடு பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் புராணத்தை வரி வரியாக வாசிப்பது என்று முடிவு செய்தேன். தோழர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. "வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிதானே பாமாவுக்கு. நம்ம ஊர்க் காத்துல எழுதுன 'கருக்கு' 1992லேயே வந்தாச்சு. அதப் படிக்கக் குடுக்காம சேக்கிழார் எதுக்கு?" என்றார்கள். நியாயமான கேள்வி. 'கருக்கு' வாசித்தோம். அது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே தேவைப்படாத புத்தகம், அவர்களே எனக்குச் சொன்னார்கள். ஆனால் பரீட்சையில் பாராட்டச் சொல்லிக் கொடுக்கப்படுவது சேக்கிழார்தான். அம்பேத்கர் 1927 டிசம்பர் 25இல் மகாடில் மனுஸ்மிருதியை எரித்தார் என்று மேடையில் பேசுகிறோம். அதைச் சுலோகம் சுலோகமாகப் படித்து வைத்திருந்த ஆள் அவர் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது தமிழையா ஒருவர் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நாயன்மார் கதை சொல்வார். நல்ல மனுஷன். ஒருத்தரையும் அடித்ததில்லை. நந்தன் கதை வந்த அன்று, அவர் எந்தக் குலம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் லேசாக இருமிவிட்டு, "எளிய குடியில் பிறந்தவர்" என்று தாண்டிப் போனார். எங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் தாண்டினார். ஆனால் அவர் தாண்டிய அந்த நொடியில் முன் பெஞ்சுகள் இரண்டும் திரும்பி எங்களைப் பார்த்தன. சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வகுப்புக்கு வருகிறேன். நான் வைத்த விதி ஒன்றே ஒன்று: பாட்டில் இருப்பதைச் சொல், கேள்விப்பட்டதைச் சொல்லாதே. முதல் நாளே சண்டை வந்தது. நந்தனைச் சிதம்பரத்துக்கு விடாமல் வயல் வேலை முடித்துவிட்டுப் போ என்று சொன்ன பண்ணையார் எங்கே என்று கேட்டார்கள். தேடினார்கள். இல்லை. அந்த வேதியர் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சரித்திரக் கீர்த்தனையில் கொண்டுவந்த ஆள். பிறகு சினிமாவும் அவரைப் பிடித்துக்கொண்டது. சேக்கிழாரிடம் பண்ணையாரே இல்லை. "அப்ப அவர யாரு தடுத்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதையும் பாட்டிலேயே தேடு என்றேன்.

ஆதனூர்ச் சேரியை வருணிக்கும் இடத்துக்கு வந்தபோது கூடத்தில் சத்தமே இல்லை. பழைய கூரைக் குடில்கள். வார் கிடக்கிற முற்றத்தில் கோழிக்குஞ்சுகள் சுற்றுகின்றன. நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் இரும்புக் காப்புப் போட்ட கறுத்த பையன். மருத மர நிழலில் தோல் விரித்துப் பிள்ளையைத் தூங்க வைக்கிறாள் ஒருத்தி. புதைத்து வைத்த பானை நிழலில் கோழி அடைகாக்கிறது. மாமரத்தில் பறை தொங்குகிறது. பறையடிக்கிறவர் வீட்டுப் பையன் ஒருவன், பிளஸ் ஒன் படிக்கிறான், "யக்கா, இந்தாளு நம்ம தெருவுக்கு வந்து பாத்திருக்காருக்கா" என்றான். உண்மைதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஓர் அமைச்சர் சேரியை இவ்வளவு கண் திறந்து பார்த்திருக்கிறார். இதைப் பாராட்டலாம். நானே பாராட்டுகிறேன்.

அடுத்த பாட்டுகளில் நந்தன் கோயில்களுக்குக் கொடுப்பவற்றின் கணக்கு வருகிறது. பேரிகைக்குத் தோல், கட்டுவதற்கு வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை. ஒரு பிள்ளை விரல் விட்டு எண்ணிவிட்டுச் சொன்னாள்: "தோலு உள்ள போகுது, வாரு உள்ள போகுது, நரம்பு உள்ள போகுது. ஆளு மட்டும் வாசல்ல நிக்காரு."

அப்புறம் தில்லை. எல்லையிலேயே நின்று சுற்றிச் சுற்றி வருகிறார். தன் பிறவியை 'இழிபிறவி' என்று நினைத்து, இதுதான் தடை என்று வருந்தித் தூங்குகிறார். "இந்தச் சொல்ல யாருக்கா சொல்றது?" என்றாள் அதே பிள்ளை. நந்தன் நினைப்பதாகச் சேக்கிழார் சொல்கிறார் என்றேன். "அவுக மனசுக்குள்ள நெனச்சது இவருக்கு எப்புடித் தெரியும்?" கோட்பாட்டுப் புத்தகங்களில் பத்துப் பக்கம் எழுதுகிற விஷயம். அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். யார் தடுத்தது என்ற முதல் நாள் கேள்விக்கும் அங்கேதான் பதில் இருந்தது. பண்ணையார் தேவையில்லை, தடையை நந்தனின் நெஞ்சுக்குள்ளேயே வைத்தாகிவிட்டது. பிறகு கனவு, தெற்கு வாசல் முன்னால் தீ, பூணூலோடு முனிவர் வடிவம், தரிசனம். அதன்பின் அவரை யாரும் காணவில்லை. பையன் கேட்டான்: "தெருவ அம்புட்டு ஆசையாப் பாத்தவரு ஆள எதுக்குக்கா தீயில எறக்குனாரு?" நான் பதில் சொல்லவில்லை, எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பையன் படிக்கிற பள்ளியில் ஆசிரியர் நந்தனைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவரும் "எளிய குடியில் பிறந்தவர்" என்றே சொல்லியிருக்கிறார். இவன் எழுந்து, "எளிய குடின்னு இல்ல சார். புலைப்பாடின்னு இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். ஆசிரியர் கோபப்படவில்லை, உட்காரச் சொல்லிவிட்டார். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் கூடப் படிக்கிற ஒருவன் அந்தச் சொல்லின் முதல் பாதியை எடுத்து இவன் பேருக்கு முன்னால் போட்டுக் கூப்பிட்டான். அடுத்த நாள் நாலு பேர் கூப்பிட்டார்கள். இவன் ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது.

அவனுடைய அம்மா தறி முடிந்து நேராகக் கூடத்துக்கு வந்தார். தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. "ஏந் தாயி, அந்தச் சொல்ல எம் பிள்ள மூஞ்சிக்கு நேரா இதுவரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்ல. நெனச்சிருப்பான், சொன்னதில்ல. நீ புஸ்தகத்துல இருந்து எடுத்துக் குடுத்திட்டயே. தமிழுக்குப் பத்து மார்க்கு வாத்தியாரு கையில இருக்காம்ல. அத நீயா போடுவ?"

நான் பேசாமல் நின்றேன். வாசிப்புச் சுதந்திரம், எதிர்வாசிப்பு என்றெல்லாம் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒன்றும் வாயில் வரவில்லை. ஒரு சொல்லைத் திறந்து காட்டுவது நான். அதற்கு விலை கொடுப்பது அவன். இது சரியா?

இதே ஊரில் இது வேறு மாதிரியும் நடந்தது. 2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஆண்டாளைத் தேவதாசி என்று சொல்லும் ஓர் ஆய்வு நூலின் வாக்கியம் அதில் மேற்கோளாக வந்தது. பற்றிக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார், வழக்குகள் பதிவாயின, கவிஞர் வருத்தம் தெரிவித்தார், உயர்நீதிமன்றம் வரை போனது. கட்டுரை முழுவதையும் வாசித்துவிட்டுக் கத்தியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம். எனக்கு உறுத்தியது வேறு. எதிர்த்தவர்கள் அந்தச் சொல்லை அவமானம் என்றார்கள். ஆதரித்தவர்களில் பலரும், அவர் அவமானப்படுத்தச் சொல்லவில்லை என்றுதான் வாதாடினார்கள். சொல் அழுக்கு என்பதில் இரண்டு தரப்புக்கும் சம்மதம். 1947இல் சென்னை மாகாணம் சட்டம் போட்டு நிறுத்துகிற வரைக்கும் அந்தச் சொல்லைத் தூக்கிச் சுமந்த பெண்களின் பேத்திகள் எங்கள் மாவட்டத்திலும் இருப்பார்கள். அவர்கள் அந்த நாட்களில் டிவியைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கவிஞருக்காவது வக்கீல் இருந்தார். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பிளஸ் ஒன் பையனுக்கு யார்?

மூடிவிடலாம் என்றால், மூடுவதும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'யை நீக்கியது. சுகிர்தராணியின் கவிதைகளும் போயின. சேக்கிழாரில் உள்ள சொல்லை இருமி மறைக்கிறார்கள். அந்தச் சொல்லின் உள்ளே வாழ்ந்தவர்கள் எழுதினால் புத்தகத்தையே எடுத்துவிடுகிறார்கள். எங்கள் தமிழையாவின் இருமலையும் அந்த நீக்கத்தையும் ஒன்றாக வைக்க மாட்டேன், அவரிடம் அன்பு இருந்தது. ஆனால் பெஞ்சுகள் திரும்பியதும் நடந்தது.

என் பிழை எங்கே என்று யோசித்தால் இப்படித் தோன்றுகிறது. வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன். கண்டுபிடித்ததைத் தனியாக எழுந்து நின்று சொல்லும்போது என்ன நடக்கும் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இங்கே பேசு, அங்கே பேசாதே என்றா? அதைத்தான் நம் தாத்தாக்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த இடத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை, தெளிந்துவிட்டதாக எழுதினால் பொய்.

அந்த அம்மாவோடும் இன்னும் மூன்று பெற்றோரோடும் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "பிள்ளைக நோகக்கூடாதுன்னுதான் மாத்திச் சொன்னேன்" என்றார். நம்புகிறேன். நோகடித்தது நீங்கள் சொன்னதோ சொல்லாததோ இல்லை சார், கூப்பிட்ட நாலு பேரோடு பேசுங்கள் என்றோம். பேசுவதாகச் சொன்னார். பேசினார் என்றும் கேள்விப்பட்டேன். கூப்பிடுவது நின்றதா, மெதுவாகக் கூப்பிடுகிறார்களா, பையன் சொல்ல மாட்டேன் என்கிறான்.

ஒரு மாதம் கூடத்துக்கு வரவில்லை. போன வாரம் அவன் அம்மாவே கொண்டுவந்து விட்டுவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் போனார். அவன் நோட்டைத் திறந்தான். தீயில் ஏன் இறக்கினார் என்பதற்கு எழுதிய பக்கம் காலியாகத்தான் இருந்தது.

"யக்கா, கோரோசனைன்னா என்னன்னு தாத்தாட்டக் கேட்டேன்" என்றான். "மாட்டுப் பித்தப்பையில இருக்குமாம். எல்லா மாட்டுலயும் இருக்காதாம். செத்த மாட்ட அறுக்கும்போது எப்பவாச்சும் ஒண்ணு கெடைக்குமாம். சாமிக்கு அதத்தான் வைப்பாகளாமே?"

ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்த பிள்ளை, "அந்தப் பாட்ட இன்னொருக்க வாசிக்கா" என்றாள்.