15 புள்ளி, 8 வரை

மார்கழி பிறந்தால் வார இதழ்களில் கோலப் பக்கம் வந்துவிடும். படத்துக்குக் கீழே ஒரே வரி: ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி.’ கோலம் போடுகிறவர்களுக்கு அது போதும். நடுவில் 15 புள்ளி. மேலும் கீழும், முந்தைய வரிசையின் இடைவெளிகளில் புள்ளி வைத்து, ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 8-ல் நிறுத்த வேண்டும். எனக்கோ அந்த வரியைப் பார்த்ததும் வேறொரு அரிப்பு. மொத்தம் எத்தனை புள்ளி?

“எண்ணி என்னடா பண்ணப் போறே? மாவு பத்துமான்னு பாரு, அது போதும்” என்பாள் அம்மா. நியாயம்தான். தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும்.

14 முதல் 8 வரை கூட்டினால் 77. இரண்டு பக்கத்துக்கும் 154. நடு வரிசை 15-ஐயும் சேர்த்தால் 169. அட, இது பதின்மூன்றின் வர்க்கமாயிற்றே! அறுகோணமாக நிற்கும் அத்தனை புள்ளிகளையும் கலைத்து, ஒன்று கூடாமல் குறையாமல், 13-க்கு 13 என்று சதுரமாக வைத்துவிடலாம். இதைவிடச் சின்னக் கோலங்களில் இது நடக்காது. 3 புள்ளி 2 வரை என்றால் 7, 5-3க்கு 19, 7-4க்கு 37, அப்புறம் 61, 91, 127. ஒன்றுகூட வர்க்கம் இல்லை.

ஆனால் அவற்றை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒற்றைப் புள்ளியோடு 7 சேர்ந்தால் 8. அதோடு 19 சேர்ந்தால் 27. இன்னும் 37 சேர்ந்தால் 64. இரண்டு, மூன்று, நான்கின் கனங்கள்! தரையில் படுத்திருக்கும் கோலத்துக்கும் கனத்துக்கும் என்ன உறவு? சின்னச் சின்னக் கனசதுரக் கட்டைகளை நாலுக்கு நாலுக்கு நாலாக அடுக்கி, ஒரு மூலை கண்ணுக்கு நேரே வரும்படி பாருங்கள். மூன்று முகங்கள் தெரியும். வெளிவிளிம்பு அறுகோணமாக இருக்கும். கண்ணில் படும் கட்டைகளை எண்ணினால் 37. அந்தத் தோலை உரித்தால் உள்ளே மிஞ்சுவது 27, மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று. அதையும் உரித்தால் 19 போய் 8 மிஞ்சும். வாசலில் நாம் போடுவது அந்தத் தோலின் படம்தான். இது புரிந்த அன்று காபி ஆறிப்போனது.

‘கணக்கு எங்கும் இருக்கிறது’ என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். சொல்லிவிட்டு, காய்கறிக் கடையிலேயே “கிலோ நாற்பது, முக்கால் கிலோ எவ்வளவு?” என்று கேட்கிறோம். அது மாறுவேடத்தில் வந்த பரீட்சை; பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். விடை நமக்கு முன்பே தெரியும் என்பதும், தப்பாகச் சொன்னால் முகம் மாறும் என்பதும் அவர்களுக்குத் தெரியாதா என்ன? கேட்கிறவருக்கே விடை தெரியாத கேள்வியில்தான் சுவை.

புள்ளிகளைச் சுற்றி இழைகள் பின்னி ஓடும் சிக்குக் கோலத்தில் அப்படிப்பட்ட கேள்விகள் ஏராளம். செவ்வகமாகப் புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் இழைகளைக் குறுக்காக வெட்டவிட்டு, ஓரத்தில் மட்டும் வளைத்துத் திருப்பினால், கோலம் எத்தனை இழையில் முடியும்? 3-க்கு 4 என்றால் கையெடுக்காமல் ஒரே இழை. 4-க்கு 6 என்றால் இரண்டு. 5-க்கு 5 என்றால் ஐந்து. பள்ளியில் பயமுறுத்திய மீப்பெரு பொது வகுத்தி இங்கே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது! தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலங்களுக்கு இலக்கண விதிகளே வகுத்தார்கள். கணினி மொழிகளை ஆராய்கிறவர்கள் உலகெங்கும் அதைப் படித்தார்கள்.

திரும்ப 169-க்கு வருகிறேன். இதே போல வர்க்கமாகவும் அமையும் அடுத்த இடைப்புள்ளிக் கோலம் எது என்று தேடினால், 209 புள்ளி, 105 வரை. மொத்தம் 32,761 புள்ளி, 181-இன் வர்க்கம். புள்ளிக்குப் புள்ளி மூன்று அங்குலம் விட்டாலும் நடு வரிசையே 52 அடி நீளம். எங்கள் தெருவின் அகலம் இருபது அடிதான். பக்கத்துப் பள்ளி மைதானத்தைக் கேட்டால் தருவார்களா என்று அம்மாவிடம் சொன்னேன். “மாவு யார் அரைக்கிறது?” என்றாள்.