துறவியின் காலில் வெடிப்பு

பனிக்காலத்தில் தோல் வறண்டு வெடிப்பதற்குக் குளிரைக் காட்டிலும் காற்றின் வறட்சியே பெரிய காரணம். ஒரு கனமீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. விடியற்காலையில் பனிமூட்டத்தோடு நனைந்ததாகத் தெரியும் காற்றே உடம்பை ஒட்டி வெப்பமேறியதும் வறண்ட காற்றாகிவிடுகிறது. தனக்கு வேண்டிய நீரை அது எடுத்துக்கொள்ளும் இடம் தோல்.

தோலின் மேலடுக்கு உயிரற்றது. உள்ளிருந்து மேலே தள்ளப்பட்டுச் செத்துத் தட்டையான செல்கள் பதினைந்து இருபது படலங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். செல்களுக்கு நடுவே செரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை நிரம்பி நீர் வெளியேறாமல் காக்கின்றன. குளிரில் தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது, எண்ணெய்ப் பசை கெட்டியாகிறது, செரமைடின் அளவும் இறங்குகிறது. நீர் குறைந்தால் பழைய செல்களைப் பிரித்து உதிர்க்கும் நொதிகளும் வேலை செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உதிர வேண்டியவை ஒட்டிக்கொண்டு வெள்ளைச் செதிலாக நிற்பது அதனால்தான்.

வறட்சி என்பது எண்ணெய் வற்றுவது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1952-இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் தடித்துக் காய்த்த தோல் துண்டுகளை உலர்த்தி, சிலவற்றை எண்ணெயிலும் சிலவற்றை நீரிலும் போட்டுப் பார்த்தார். எண்ணெயில் ஊறிய துண்டு வளைத்தால் ஒடிந்தது. நீரில் ஊறியதுதான் குழைந்தது. எண்ணெய் தோலைத் தானாக மென்மையாக்குவதில்லை. உள்ளே எஞ்சியிருக்கும் நீர் போய்விடாமல் தடுப்பதே அதன் முதல் வேலை.

குதிகாலின் நிலை இன்னும் மோசம். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. தோலோ பல மடங்கு தடிப்பு. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் பளு குதிகாலின் கொழுப்புத் திண்டைப் பக்கவாட்டில் பிதுக்குகிறது. நெகிழாத காய்ந்த விளிம்பு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பிளக்கிறது. பிளவு உயிருள்ள அடுக்கைத் தொட்டால் இரத்தம் கசியும், கிருமி நுழையும். சுஸ்ருத சம்ஹிதை இதைப் பாததாரி என்று சிறு நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஓயாமல் நடப்பவரின் மிக வறண்ட பாதங்களில் வாயு பிளவை உண்டாக்குகிறது என்பது அந்நூலின் விளக்கம். வாயுவை ஒதுக்கிவிட்டாலும் ‘ஓயாமல் நடப்பவர்’ என்ற கவனிப்பு துல்லியமானது.

இல்லறத்தாருக்கு இது ஒரு கரண்டி நெய்யோடு தீர்கிற தொல்லை. உடலைத் துறந்தேன் என்று வீட்டைவிட்டுப் புறப்பட்டவருக்கு அவ்வளவு எளிதில் தீராது. வெடித்த காலுக்கு எண்ணெய் தடவினால் அது மருந்தா, விட்டுவந்த சுகத்தின் மிச்சமா? கங்கைச் சமவெளியில் ஒரே காலத்தில் தழைத்த பௌத்தமும் சமணமும் இதற்கு இரண்டு விடை சொன்னன. வினை எப்படித் தீர்கிறது என்பதில் அவை பிரியும் இடம் இந்தச் சின்ன விஷயத்தில் பளிச்சென்று தெரிகிறது.

இரண்டு சங்கத்தாரும் மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கினர். மழை ஓய்ந்ததும் மறுபடி நடை. ஆகவே ஊர் ஊராக நடக்கும் பருவமும் தோல் வெடிக்கும் பருவமும் ஒன்றாகிவிட்டன. பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் ஆளவி நகரத்து ஹத்தகர், காட்டில் உதிர்ந்த இலைகளின் மேல் அமர்ந்திருக்கும் புத்தரைக் கண்டு, நன்றாக உறங்கினீர்களா என்று கேட்கிறார். மாக மாதத்தின் கடைசி நான்கு நாளும் அடுத்த மாதத்தின் முதல் நான்கு நாளும் சேர்ந்த எட்டு நாள், வடநாட்டுக் குளிரின் உச்சம். மாட்டுக் குளம்பு பட்டு இறுகிப்போன தரை, மெல்லிய இலைப் பரப்பு, வீசும் வாடை என்று ஒவ்வொன்றாக ஹத்தகர் எடுத்துக் காட்டுகிறார். நன்றாகவே உறங்கியதாகப் புத்தர் பதில் சொல்கிறார். கதவடைத்த மாளிகையில் கம்பளி விரித்த மஞ்சத்தில் படுத்தவனும் ஆசையின் சூட்டில் வெந்தால் உறங்க மாட்டான் என்பது அவர் வாதம்.

இதை மட்டும் படிப்பவர், குளிரைப் பொருட்படுத்தாமல் இருப்பதே பௌத்த நெறி என்று நினைக்கக்கூடும். பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூல் வேறு முகம் காட்டுகிறது. வைசாலியில் அதே எட்டு நாள் குளிரில் புத்தர் இரவு முழுவதும் வெட்டவெளியில் அமர்ந்து சோதித்துப் பார்த்ததாக அதன் பகுதியான மகாவக்கம் சொல்கிறது. தொடக்கத்தில் ஒரு துவராடை போதுமாக இருந்தது. முதல் யாமம் கழிந்ததும் குளிர் உறைத்தது, இரண்டாவதைப் போர்த்தினார். நடுயாமம் கழிந்ததும் மூன்றாவது. விடியும் நேரத்தில் நான்காவது. குளிருக்கு அஞ்சும் உடல்வாகு கொண்டவரும் தாங்கக்கூடிய அளவு என்று கண்டு, மூன்று ஆடைகளை, அவற்றில் மேற்போர்வையை மட்டும் இரட்டை மடியாக, அனுமதித்தார். ஒரு துறவுச் சட்டத்தின் அளவு உடம்பில் வைத்துப் பார்த்து முடிவானது என்பதே இந்தக் கதையின் சுவை. தாங்க முடிந்தவரின் வலிமையை அளவுகோலாக்காமல் தாங்க முடியாதவரை மனத்தில் வைத்துச் சட்டம் போடப்பட்டிருக்கிறது.

பாதவெடிப்பும் அதே நூலின் மருந்துப் பகுதியில் வருகிறது. பிலிந்தவச்சர் என்ற தேரருக்குக் கால்கள் வெடித்திருந்தன. செய்தி புத்தரிடம் போனது. பாதத்தில் எண்ணெய் தடவிக்கொள்ளலாம் என்றார். அதற்கு அடங்கவில்லை. பாதத்துக்கென்று தைலம் தயாரித்துக்கொள்ளலாம் என்று அடுத்த அனுமதி வந்தது. இரண்டே வரிகள்தான். தாங்கிக்கொள் என்ற உபதேசமும் இல்லை, உடலின் இழிவைப் பற்றிய பேச்சும் இல்லை. மருந்து பலிக்காவிட்டால் இன்னொரு மருந்து. ஒரு வைத்தியரின் போக்கு.

சமணத்தின் விடை நேர் எதிர்த் திசையிலிருந்து தொடங்குகிறது. ஆசாராங்க சூத்திரம் மகாவீரரின் தவவாழ்வைச் சொல்லும்போது, அவர் எண்ணெய் பூசுவது, குளிப்பது, உடம்பு பிடித்துவிடச் செய்வது, பல் துலக்குவது ஆகிய அனைத்தையும் தவிர்த்தார் என்கிறது. குளிர்காலத்தில் அவர் தியானித்தது நிழலில். வெயிலின் சூட்டைத் தேடிப் போகவில்லை. துறவி பொறுக்க வேண்டிய இருபத்திரண்டு இடர்களை உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் வரிசைப்படுத்துகிறது. பசி, தாகம் இவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக நிற்பது குளிர். நோயும், புல் குத்துவதும், உடல் அழுக்கும் அதே பட்டியலில் உண்டு. ஆடையின்றி உடல் வறண்ட துறவி புல்லில் படுத்தால் மேனி புண்படும் என்று உத்தராத்யயன சூத்திரமும் கூறுகிறது. வறண்ட தோல் எளிதில் கிழியும் என்பதை அந்நூலார் நன்றாகவே அறிந்திருந்தனர். அறிந்துதான் எண்ணெய் வேண்டாம் என்றனர்.

அதன் காரணம் வினைக்கோட்பாட்டில் இருக்கிறது. சமணத்தில் வினை என்பது நுண்பொருள். உயிரின்மேல் உண்மையாகவே வந்து படிவது. புதியது வராமல் அடைப்பது ஒரு வேலை, படிந்ததை உதிர்ப்பது இன்னொரு வேலை. பொறுத்துக்கொண்ட குளிரும் வெடிப்பும் அந்த உதிர்ப்புக்குக் கருவிகள். எண்ணெய் தடவி வலியை மாற்றினால், தீரவேண்டிய கணக்கைத் தள்ளிப்போட்டதாகும். ஆயினும் வலியே தவம் என்று சமணம் சொல்வதாகக் கொள்வது தவறு. புலம்பிக்கொண்டு படும் துன்பம் ஆர்த்தத் தியானம் என்னும் தீய தியானத்தில் சேரும். அது புது வினையைக் கொண்டுவரும். மனம் சமநிலையில் நிற்க வேண்டும் என்பது அங்கேயும் நிபந்தனை.

பௌத்தத்தில் வினை என்பது எண்ணம். உடம்பு நோவதால் மட்டும் எதுவும் தேய்வதில்லை. இதை வாதமாக மட்டுமல்லாமல் அனுபவமாகவும் நிகாயங்கள் வைக்கின்றன. ஞானம் பெறுமுன் உறைபனி இரவுகளை வெட்டவெளியில் கழித்ததையும், ஆண்டுக்கணக்கில் உடம்பில் அழுக்கு ஏறி மரப்பட்டைபோலச் செதில் செதிலாகப் பெயர்ந்ததையும், தேய்த்துவிடலாம் என்றுகூடத் தோன்றாமல் இருந்ததையும் மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர் தாமே விவரிக்கிறார். அந்த வழி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்பது அவர் முடிவு. நிகண்டர் என்று அவர்கள் குறிப்பிடும் சமணரோடு நடந்த விவாதங்களை எழுதிவைத்தவர்கள் பௌத்தர்களே என்பதை மறக்கலாகாது. எதிரணியின் வாதம் அங்கே சற்று மெலிந்துதான் தெரியும்.

எண்ணெய் தடவுவது பற்றாகாதா என்ற கேள்விக்குப் பிற்காலத்து மிலிந்தபஞ்ஹா நேரடியாகவே விடை தேடுகிறது. துறவிகளுக்கு உடல் பிரியமானதா என்று கேட்கிறார் யவன அரசர் மிலிந்தர். இல்லை என்கிறார் நாகசேனர். பிறகு ஏன் அதைப் பேணுகிறீர்கள் என்று மடக்குகிறார் அரசர். போரில் எப்போதாவது அம்பு தைத்திருக்கிறதா என்று நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். புண்ணுக்கு மருந்து பூசி, எண்ணெய் தடவி, மெல்லிய துணியால் கட்டினீர்களே, புண்மேல் அவ்வளவு ஆசையா? ஆறுவதற்காகச் செய்தது என்று அரசர் ஒப்புக்கொள்கிறார். உடலும் அப்படி ஒரு புண், நோன்பு வாழ்வுக்கு உதவும் என்றுதான் பேணுகிறோம் என்று முடிக்கிறார் தேரர்.

சொல்வன்மை மிக்க விடைதான். முழு விடை அல்ல. புண்ணைப் பேணுவதற்கு ஒரு முடிவு உண்டு. புண் ஆறும், கட்டு அவிழும். உடல் ஆறுவதே இல்லை. தினமும் பேணவேண்டிய ஒன்றின்மேல் எந்த நாளில் பற்று வந்து ஒட்டியது என்று யாரால் காட்ட முடியும்? கேட்பவர் சமண முனிவராக இருந்திருந்தால் நாகசேனரை இவ்வளவு சீக்கிரம் விட்டிருக்க மாட்டார்.

அந்த இடைவெளியை அடைப்பது உவமை அல்ல, விதிகள். முகத்தில் பூச்சு பூசிய, ஆறுபேர் குழு எனப்படும் பிக்குகளை விநயத்தின் இன்னொரு பகுதியான சுள்ளவக்கம் கண்டிக்கிறது. கண்நோய் கண்ட ஒருவருக்கு மட்டும் நோயை முன்னிட்டுப் பூசிக்கொள்ள விலக்கு. கண்ணாடியில் முகம் பார்ப்பதும் குற்றம். முகத்தில் புண் வந்த ஒரு பிக்கு, எப்படி இருக்கிறது என்று மற்றவர்களைக் கேட்டார். அவர்கள் சொன்னதை நம்பவில்லை. அதற்காக, நோயுற்றவர் பார்த்துக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. எல்லை எப்போதும் நோயில்தான் கிழிக்கப்படுகிறது. அது எளிய எல்லையல்ல. காற்று வறண்டு தோல் செதிலாகும் முதல் வாரத்தில் அது நோயா, வெறும் பருவமா என்பதைக் கால் உடையவரே முடிவுசெய்ய வேண்டும்.

குளியலைப் பற்றிய விதி எதிர்பாராத வகையில் தோலுக்குத் துணை நிற்கிறது. ராஜகிருகத்தின் தபோதா வெந்நீரூற்றில் பிக்குகள் நெடுநேரம் குளித்தார்கள். காத்திருந்த பிம்பிசார அரசருக்கு நேரமாகி, கோட்டைக் கதவு அடைபட்டு, ஊருக்கு வெளியே இரவு தங்க நேர்ந்தது. அதன்பின் கோடை, நோய் முதலிய தக்க காரணம் இல்லாமல் பதினைந்து நாளுக்குள் மறுபடி குளிக்கக்கூடாது என்று விதி வந்தது. பனிக்காலத்தில் வெந்நீர் தோலின் கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். அரசரின் வசதிக்காகப் பிறந்த கட்டுப்பாடு பிக்குகளின் கால்களுக்கும் நல்லதையே செய்திருக்கும். அவந்தி போன்ற எல்லைப்புற நாடுகளுக்கு விலக்கு கிடைத்தது. அவந்தியில் நிலம் கரடு, குளம்பு பட்டு முரடேறியது, மக்கள் நீராட்டைப் பெரிதாக மதிப்பவர்கள் என்று சோண குட்டிகண்ணர் என்ற பிக்கு வழியாக விண்ணப்பம் வந்தபோது, அடிக்கடி குளிக்கவும் பல அடுக்குத் தோல்செருப்பு அணியவும் அனுமதி தரப்பட்டது.

தன் உடல் என்ற இடத்தில் பிரிந்த இரு நெறிகளும் பிறர் உடல் என்று வரும்போது நெருங்குகின்றன. சமணத்தின் ஆறு அகத் தவங்களில் வையாவிருத்தியம் ஒன்று: நோயுற்ற, முதிர்ந்த துறவியருக்குத் தொண்டு செய்வது. தன் வெடிப்பைப் பொறுப்பது புறத்தே தெரியும் துன்பம். அடுத்தவர் வெடிப்பைக் கவனிப்பதோ அதைவிட உள்ளார்ந்த தவமாக எண்ணப்படுகிறது. பௌத்தத்தில், வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் கழுவிப் படுக்க வைத்த நிகழ்ச்சி மகாவக்கத்தில் இருக்கிறது. எனக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்ற கட்டளை அங்கேதான் பிறந்தது.

இந்தப் போக்கு எண்ணெயைச் சேர்த்துவைப்பது பற்றிய விதி வரை நீள்கிறது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தும் நோயுற்ற பிக்குவுக்கு மருந்து. ஏழு நாள் வரை வைத்திருக்கலாம். எட்டாம் நாள் விடிந்தால் குற்றமாகிவிடும், சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். சங்கம் அதைத் திருப்பிக் கொடுத்தாலும் சேர்த்துவைத்தவர் உண்ணவும் கூடாது, உடம்பில் தடவவும் கூடாது; விளக்கெரிக்கலாம். மற்றொரு பிக்குவும் அதை உண்ணக்கூடாது. ஆனால் தன் காலில் தடவிக்கொள்ள அவருக்குத் தடை இல்லை.