தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?

கம்பம் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பையன், இன்ஜினீயரிங் முடித்து இரண்டு வருடம் ஆனவன். பேச்சுவாக்கில் செல்போனை என்னிடம் நீட்டினான்.

“பாருங்கண்ணே... லிங்க்டுஇன்ல ஐந்நூறு பேருக்கு மேல சேர்த்துட்டேன். எல்லாம் பெரிய பெரிய கம்பெனி ஆளுங்க. வேலை கேட்டா ஒருத்தர்கூட பதில் போட மாட்டேங்குறாங்க!”

“இதுல உன் வேலையைப் பார்த்தவங்க எத்தனை பேர் தம்பி?”

கொஞ்சம் யோசித்தான். “ஒருத்தரும் இல்லண்ணே.”

அப்புறம் அவன் கேட்டதுதான் மதுரை வரைக்கும் கூடவே வந்தது. “தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு வேலைக்குப் போறது தப்பாண்ணே? எங்கப்பா தப்புங்கிறாரு.”

தப்பா? நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மார்க் கிரானோவெட்டர் என்கிற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். வேலை கிடைத்தவர்களிடம் ‘யார் மூலமாகக் கிடைத்தது?’ என்று விசாரித்திருந்தார். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கிறவர்கள்தான் அதிகம் உதவியிருந்தார்கள். காரணம் சுலபம். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்து ஆள்தான் வேறு உலகத்துச் சேதியைக் கொண்டுவருவார். 2022-ல் லிங்க்டுஇன்னில் உள்ள இரண்டு கோடிப் பேரை வைத்து ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வும், ரொம்ப நெருக்கமும் இல்லாத, ரொம்ப தூரமும் இல்லாத அறிமுகமே அதிகம் கைகொடுக்கிறது என்றது.

நம்ம தேனிப் பக்கமே பாருங்களேன். பண்ணைப்புரத்து இளையராஜாவுக்கு ‘அன்னக்கிளி’ (1976) வாய்ப்பு, கதாசிரியர் ஆர்.செல்வராஜ் பஞ்சு அருணாசலத்திடம் சொன்னதால் வந்தது. அல்லிநகரத்து பாரதிராஜா ‘16 வயதினிலே’ (1977) எடுத்தபோது இசை இளையராஜா. ‘நிழல்கள்’ (1980) படத்தில் வடுகபட்டி வைரமுத்து அறிமுகமானார். அறிமுகம் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் அன்னக்கிளிக்கு முன்னால் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் படித்த நாட்கள், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்த வருடங்கள்... அதெல்லாம் யார் சிபாரிசிலும் வரவில்லை.

ஆகவே, அறிமுகம் தப்பில்லை. அப்படியென்றால் எது தப்பு?

என் கதையையே சொல்கிறேன். சொந்தக்காரப் பையன் ஒருவனுக்கு, அவன் வேலையைப் பார்க்காமலேயே, “நல்ல பையன், நான் கேரன்ட்டி” என்று நண்பரிடம் சொன்னேன். மூன்றே மாதத்தில் போன் வந்தது. “இனிமே உங்க பேரைச் சொல்லிட்டு யார் வந்தாலும் ரெண்டு தடவை யோசிப்பேன் சார்.” அதற்கடுத்த வருடம் சின்னமனூரிலிருந்து நிஜமாகவே திறமையான பையன் ஒருவன் வந்தான். என் பேர் அங்கே செல்லவில்லை. பொய்யாகச் சொன்ன ஒரு நல்ல வார்த்தை, இன்னொருவனுக்குப் போகவேண்டிய நல்ல வார்த்தையைத் தின்றுவிட்டது!

இன்னொன்றும் உண்டு. விடியற்காலையில் ஜீப் ஏறி, மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஒரு அம்மா. அவர் மகள் நன்றாகப் படிக்கிறாள். அந்த வீட்டுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதே ஜீப்பில் போகிறவர்கள்தான். சென்னையிலும் பெங்களூரிலும் நமக்குத் தெரிந்தவர்கள், நம் சாதி, நம் சொந்தம் என்று நமக்குள்ளேயே வேலையைப் பகிர்ந்துகொண்டால், அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்?

அதனால் அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்... கேள். கூச்சப்படாமல் கேள். ஆனால், மனுஷனை ஏணியாக மட்டும் பார்க்காதே. வேலை கேட்பதற்கு முன்னால் நீ செய்த வேலையைக் காட்டு. உதவினவருக்கு, வேலை கிடைத்த பிறகும் ஒரு வார்த்தை எழுது.

உங்களுக்கு? முன்பின் தெரியாத ஏதோ ஒரு ஊர்ப்பிள்ளை அனுப்பிய மெசேஜ் உங்கள் செல்போனில் படிக்காமலே கிடக்கலாம். இன்றைக்கு ராத்திரி அதைத் திறந்து பாருங்கள். அந்தப் பிள்ளையின் வேலையைப் பாருங்கள். நன்றாக இருந்தால் மட்டும், உங்கள் பேரைக் கொடுங்கள்.

ஜீப்பில் போகிற அந்த அம்மாவின் மகளுக்கும் ‘தெரிஞ்சவங்க’ என்று ஒருவர் இருக்கட்டுமே!