கடனை எழுதி வையுங்கள்

 

திருமறையின் ஆக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், நம்மில் பலர் தொழுகை என்போம், நோன்பு என்போம். அதுவன்று. ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனமாகிய அது, கடனை எழுதி வைப்பது பற்றியது. தவணைக் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் சலிக்காமல் எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகளும் வேண்டும். கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்தை மாத்திரம் எழுதாவிட்டால் குற்றமில்லை என்று அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். நாமோ அந்தச் சலுகையை மாத்திரம் இறுகப் பற்றிக்கொண்டோம்!

சிராங்கூன் ரோட்டிலும் தேக்காவிலும் உள்ள நம்மவர் சாப்பாட்டுக் கடைகளைப் பாருங்கள். அரிசியும் வெங்காயமும் இறைச்சியும் கடனுக்கு வருகின்றன. "நானா, வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்" என்ற வாய்ச்சொல்லே பத்திரம். வீட்டுச் செலவும் ஊருக்கு அனுப்பும் பணமும் அதே கல்லாப்பெட்டியிலிருந்து போகின்றன. மாதக் கடைசியில் லாபமா நஷ்டமா என்பது முதலாளிக்கே தெரியாது.

இதன் பலனை 2020ல் கண்டோம். கொரோனா நோயினால் ஏப்ரல் 7 முதல் கடையில் அமர்ந்து உண்பது நின்றது. சர்க்கார், உள்ளூர் ஊழியர்களின் ஏப்ரல், மே சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு நூற்றுக்கு 75 வீதம் முதலாளிகளுக்கு உதவி அளித்தது. மனுப் போடவும் தேவையில்லை. மத்திய சேமநிதியில் கட்டிய சந்தாவைப் பார்த்தே கணக்கிட்டார்கள். பெயர் பதியாமல் கையில் சம்பளம் கொடுத்தவருக்கு எதைப் பார்த்துக் கணக்கிடுவது?

விவசாயியிடம் முன்பணம் கொடுத்துக் காய்கறி வாங்குவோருக்கும் மார்க்கம் வழி சொல்கிறது. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பேரீச்சம்பழத்துக்குப் பணம் கொடுத்து வந்தனர். நாயகம் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் திட்டமாக இருக்க வேண்டும் என்றார்கள். இதுவே ஸலம் வியாபாரம். விலை முழுவதும் முன்னதாகவே கைமாற வேண்டும். இரசாயன உரத்தை விட்டு மண்ணுக்கு மீண்டும் உயிரூட்டுகிற விவசாயிக்கு முதல் சில பருவங்கள் விளைச்சல் குறையலாம். அவருக்கு வட்டியில்லா முதல் கிடைக்க இதைவிட நல்ல வழி ஏது?

கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நாயகம் முன்வரவில்லை. அக்கடனுக்கு அபூகதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்தார்கள். இன்று பொறுப்பேற்கத் துணியும் மகனுக்கு, யாருக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா?

ஜக்காத்துக்கும் அதே ஏடுதான். ஆண்டுக்கொரு நாள் குறித்து ரொக்கம், இருப்புச் சரக்கு, வந்துசேரும் என்று நம்பத்தக்க பாக்கி இவற்றை எண்ணுங்கள். அடுப்பும் குளிர்ப்பெட்டியும் இதில் சேரா. பங்காளியாகச் சேர வருபவரும் முதலில் அந்த ஏட்டைத்தான் கேட்பார். வருமான வரி இலாகாவோ ரசீதுகளையும் ஏடுகளையும் 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.