ஆண்டுக்கு ஒரு தொகுதி

ஒரு வருடத்தில் குழந்தைகளுக்காக எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள், கொங்கு மண்ணின் பெரியசாமித் தூரனை நினைத்துக்கொள்ளலாம்.

மொடக்குறிச்சி அருகே மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்தவர். பெரியவர்களுக்காக 1954 முதல் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர். அந்த வேலை 1968-ல் நிறைவுற்றது.

ஓய்ந்து உட்காரவில்லை. அதே ஆண்டில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் தொடங்கிவிட்டது. 1976-க்குள் பத்துத் தொகுதிகள்! ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று. வெளியிட்டது தமிழ் வளர்ச்சிக் கழகம். அதன் அன்றைய தலைவர் தி.சு. அவினாசிலிங்கம், திருப்பூர்க்காரர்.

அகர வரிசையும் படங்களுமாக அமைந்த அந்தப் பக்கங்கள் இன்று தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பனியன் கம்பெனி ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பெருமாநல்லூர்ப் பெற்றோர், கைபேசியிலேயே பிள்ளைகளுக்குத் திறந்து காட்டலாம்.