கிழமை என்பது உரிமை

ஏதென்ஸ் நகரத்து நாடக அரங்கம். விழா நாள். படிப்படியாக உயர்ந்த இருக்கைகளிலே மக்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கின்றனர். உள்ளே வருகிறார் ஒரு முதியவர். நரைத்த தலை, தளர்ந்த நடை. இடம் தேடுகிறார், இந்த வரிசையிலே இல்லை, அடுத்த வரிசையிலும் இல்லை. அவருடைய நாட்டு மக்கள்தான் அத்தனை பேரும். ஆயினும் ஒருவரும் அசைந்து கொடுக்கவில்லை. இறுதியிலே, ஸ்பார்ட்டா நாட்டுத் தூதுவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிக்கு வந்து சேர்கிறார். தூதுவர் அனைவரும் ஒருசேர எழுகின்றனர், இடமளிக்கின்றனர். கண்ட கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்கிறது! அப்போது தூதுவருள் ஒருவர், ஏதென்ஸ் மக்களுக்கு அறம் எதுவெனத் தெரிந்திருக்கிறது, செய்யத்தான் மனம் வரவில்லை என்று கூறினாராம்.

கி.மு. 44இல், முதுமையைப் பற்றித் தாம் தீட்டிய ஏட்டிலே, ரோம் நாட்டுச் சிசெரோ கூறும் செய்தி இது. இரண்டாயிரம் ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. அந்தக் கைதட்டல் மட்டும் ஓயவில்லை. முதியோரைப் போற்றுக என்று மேடையிலே எவரேனும் முழங்கினால் நாமும் கைதட்டுகிறோம். அந்த முதியவர் நம் பக்கத்து இருக்கைக்கு வந்தாலோ முகம் சுளிக்கிறோம்.

நம் தெருவுக்கு வருவோம். அரசு அலுவலகத்திலே முப்பத்தைந்து ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், அவருடைய துணைவியார். மாலை ஐந்து மணி. அவர் சலவைச் சட்டை அணிந்திருக்கிறார். அம்மையார் பெட்டியிலிருந்து எடுத்த நல்ல புடவை உடுத்தியிருக்கிறார். இருவரும் வாயிலைத் தாண்டுகின்றனர்.

"என்ன பெரியவரே, கோயிலுக்கா?" எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார்.

"இல்லை தம்பி, படத்துக்கு. அடுத்த வாரம் மன்றத்திலே நாடகம் போடுகிறார்களாம். அதற்கும் சீட்டு வாங்க வேண்டும்."

எதிர்வீட்டார் புன்னகை செய்கிறார். அந்த இணையர் தெருமுனையைத் தாண்டுமுன்பே அந்தப் புன்னகை பேசத் தொடங்கிவிடுகிறது. "பேரன் எடுத்தாகிவிட்டது; இன்னமும் சோடி போட்டுக்கொண்டு சினிமா! கிழவனுக்கு வந்த ஆசையைப் பார்!"

வீட்டிலே மகன் கேட்டது வேறு: "எதற்கப்பா இந்த அலைச்சல்? தொலைக்காட்சியிலே வராத படமா?" அன்பாகத்தான் கேட்டான், ஐயமில்லை. ஆயினும் அந்த அன்பிலேயும் ஒரு பூட்டு தொங்குகிறது.

கோயிலுக்கு என்று கூறியிருந்தால் எவரும் நகைத்திருக்கமாட்டார். மருத்துவமனைக்கு என்றிருந்தால் இரக்கமும் கிடைத்திருக்கும். தெய்வத்தை நாடிச் செல்ல முதியோர்க்கு உரிமை உண்டு. நோயைச் சுமந்து செல்லவும் உரிமை உண்டு. இன்பம் நாடிச் செல்ல மட்டும் உரிமை இல்லை! ஏன்? இந்த ஏனுக்கு விடை தேடுவதே நம் நோக்கம்.

ஏளனமாக வீசப்பட்ட அந்தச் சொல்லையே எடுத்துப் பார்ப்போம். கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரிமை உடையவன். கிழத்தி என்றால் உரிமை உடையவள். காதல் வாழ்வின் தலைவனையும் தலைவியையும் தொல்காப்பியம் குறிப்பது இந்தச் சொற்களால்தான். கற்பியலிலே அந்நூல், இன்ப வாழ்வு நிறைவுற்ற கடைநாளிலே, மக்களும் சுற்றமும் சூழ, கிழவனும் கிழத்தியும் சிறந்ததனைப் பயிலுதல் வேண்டும் என்கிறது. அந்தச் சிறந்தது வீடுபேறே என்று உரை கூறுவோர் உண்டு. எதுவாயினும் ஆகுக, இருவரும் இணைந்தே பயில்கின்றனர், சுற்றத்தின் நடுவிலே பயில்கின்றனர் என்பது தெளிவு. உரிமையாளன் என்று பொருள் தந்த சொல், இன்று உரிமை அனைத்தும் இழந்தவனைக் குறிக்கும் வசைச் சொல்லாகிவிட்டது. சொல் தேய்ந்ததா, நம் நெஞ்சம் தேய்ந்ததா?

நெஞ்சத்தைத் தேய்த்த அரம் எது என்றும் பார்க்கத்தான் வேண்டும். மனு நூலின் ஆறாம் அத்தியாயம் விதி வகுக்கிறது: தோலிலே சுருக்கம், தலையிலே நரை, மகனுக்கு மகன், இவற்றைக் கண்டதும் இல்லறத்தான் காடேக வேண்டும். மனைவி? அவளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். அல்லது உடன் அழைத்துப் போகலாம். பெட்டியை வைத்துவிட்டுப் போவதா, தூக்கிக்கொண்டு போவதா என்று பயணி எண்ணிப் பார்ப்பதுபோல! அவள் விருப்பம் என்ன என்ற கேள்வியே அங்கே எழவில்லை. இன்று எவரும் காட்டுக்குப் போவதில்லை. ஆனால் காட்டைக் கூடத்து மூலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஒரு நாற்காலி, ஒரு மருந்துப் பெட்டி, "சும்மா இருங்கள், உங்களுக்கு எதற்கு இதெல்லாம்" என்றொரு தொடர். வானப்பிரஸ்தம் என்ற பெயர் மறைந்தது. பொருள் வீட்டுக்குள் புகுந்துகொண்டது. பகுத்தறிவு பேசும் வீடுகளிலேகூடத்தான்!

"பணம் பாழாகிறதே" என்பர் சிலர். உழைத்து ஈட்டிய ஓய்வூதியம் அது. பேரனுக்கு மிதிவண்டி வாங்கினால் பாசம், கோயில் உண்டியலிலே போட்டால் புண்ணியம், இரண்டு நாடகச் சீட்டு வாங்கினால் ஊதாரித்தனமா? தன் பொருளைத் தன் மகிழ்ச்சிக்குச் செலவிட ஒருவர் மகனிடம் ஒப்புதல் பெற வேண்டுமெனில், அந்த வீட்டிலே தந்தை யார், பிள்ளை யார்?

"அறிவு தளர்ந்த வயதிலே கலை எதற்கு" என்பர் வேறு சிலர். அவர்களை மீண்டும் ஏதென்ஸ் நகருக்கே அழைத்துச் செல்வோம். சோபாக்ளீஸ், நாடகப் பேராசான். எழுதுவதிலேயே மூழ்கிக் குடும்பச் சொத்தைக் கவனிக்கவில்லை, அறிவு மழுங்கிவிட்டது என்று மகன்களே அவர்மீது வழக்குத் தொடுத்தனராம். முதியவர் வாதாடவில்லை. அப்போதுதான் எழுதி முடித்திருந்த நாடகத்தை மன்றத்திலே படித்துக் காட்டி, இது அறிவிழந்தவன் எழுத்தா என்று மட்டும் கேட்டார். விடுதலை கிடைத்தது! இதையும் கூறுபவர் சிசெரோதான். அந்த நாடகம், அவர் மறைந்த பின்னர், கி.மு. 401இல் பேரன் முயற்சியால் மேடையேறியது. மகன்கள் அறிவின்மை கண்ட இடத்திலே பேரன் கலை கண்டான். இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

எல்லா முதியவரும் சோபாக்ளீஸ் அல்லர். தேவையுமில்லை. படம் முடிந்து அந்த இணையர் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். "அந்தப் பெண் அவனை மன்னித்திருக்கக் கூடாது" என்கிறார் அம்மையார். "மன்னிக்காமல் எங்கே போவாள்?" என்கிறார் இவர். "ஏன், போக இடமா இல்லை? வேலைக்குப் போகட்டுமே!" பேருந்து வந்த பிறகும் வாதம் நிற்கவில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்திலே 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே அவருக்கு மட்டும் சீட்டு. "இதிலேயாவது நான் முந்திவிட்டேன்" என்று சிரிக்கிறார் அம்மையார். இரத்த அழுத்தம், சர்க்கரை, மருமகள், மின்கட்டணம் என்ற நான்கு பொருள்களிலே சுற்றிக்கொண்டிருந்த பேச்சு, அன்றிரவு மானம், மன்னிப்பு, பெண்ணின் உரிமை என்று விரிகிறது. சிந்தனை என்பது இதுதான், தோழர்களே! கூடத்துத் தொலைக்காட்சி எத்தனை படம் காட்டினாலும் இந்தப் பேருந்து நிறுத்தத்தைக் காட்டாது.

மேடையையும் திரையையும் மக்களின் பள்ளிக்கூடமாக்கியது தமிழ்நாடு. 1949இல் 'வேலைக்காரி' வந்தது. 1952இல் 'பராசக்தி' வந்தது. அன்று கொட்டகைத் தரையிலே உட்கார்ந்து, கைதட்டிக் கைதட்டிக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட பதினைந்து வயதுச் சிறுவன் இன்று இருப்பின் எண்பதைக் கடந்தவன். அவனுக்கா படக்காட்சி பொருந்தாது? ஓய்வு பெற்றவரின் உள்ளக் குமுறலை மேடையிலே காட்டி, பின்னர் 1970இல் திரையிலும் காட்டிய 'வியட்நாம் வீடு' கண்டு கண்ணீர் வடித்தோம். திரையிலே வாடும் முதியவருக்குக் கண்ணீர். வீட்டிலே இருக்கும் முதியவருக்கு "எதற்கப்பா அலைச்சல்". இது என்ன நீதி?

இனி, அந்த அம்மையாரின் பக்கம் திரும்புவோம். சிசெரோ கூறிய கதையிலே முதியவர் உண்டு, மூதாட்டி இல்லை. நம் கணக்கிலேயும் பல வேளை அவர் விடுபட்டுப் போகிறார். அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது தமிழ்நாட்டிலே 2020இல் 58லிருந்து 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. அடுப்படி ஊழியருக்கு ஓய்வு வயது எந்த ஆண்டிலே, எந்த ஆணையிலே அறிவிக்கப்பட்டது? 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டு வேலையிலே ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் உழைத்தனர். ஆண்கள் 97 நிமிடம். கணவருக்கு மாலையும் பொன்னாடையும் சூட்டி விடைகொடுத்த அன்று மாலைகூட, விருந்தினருக்குக் காப்பி கலந்தவர் அவர்தான்.

சிறுமியாக இருந்த நாளிலே, கீற்றுக் கொட்டகையிலே, பெண்களுக்கெனத் தடுத்த பகுதியிலே, மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்தவர். மணமான பின்னர் குழந்தை மடியிலே. இடைவேளைக்குப் பின் அது அழும். வெளியே தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். எத்தனையோ படங்களின் பிற்பாதியைக் கணவர் வாய்மொழியாகவே அறிந்தவர். இன்று, அறுபதைக் கடந்து, கணவருக்குப் பக்கத்து இருக்கையிலே, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை ஒரு கதையை முழுமையாகக் காண்கிறார். இதைக் கண்டா நகைக்கிறது ஊர்? இணையர் இருவரும் தோழர்கள் என்று கூறி நடத்தப்பட்ட சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஏற்பு அளித்தது. மணமேடையிலே தோழமை, மூப்பிலே மூலைக்கொருவர் என்றால், அந்தத் தோழமைக்கு என்ன பொருள்? அவர்கள் படம் பார்க்கச் செல்வது மட்டும் போதாது. சென்று திரும்பிய இரவிலே தோசைக்கல்லைத் தொடுபவர் யார் என்பதும் அறத்தைச் சேர்ந்த கேள்வியே.

மற்றொரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளாவிட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மையாகிவிடும். ஓய்வு பெற்றோர் என்கிறோமே, ஓய்வு பெறுபவர் யார்? நாற்று நடும் மூதாட்டிக்கு எந்த அலுவலகம் விடைகொடுப்பு விழா நடத்தியது? 1962இல் தமிழகத்திலே ஆதரவற்ற முதியோர்க்கு ஓய்வூதியத் திட்டம் தொடங்கப்பட்டது. 2023இல் அது மாதம் ஆயிரம் ரூபாயிலிருந்து ஆயிரத்து இருநூறாக உயர்ந்தது. அரிசிக்கும் மருந்துக்கும் அதிலே இடம் உண்டு, கலைக்கு இடமில்லை. ஏதென்ஸ் அரசு ஒரு வழி கண்டது. ஏழைக் குடிமகனும் நாடகம் காண வேண்டும் என்று, அரங்கிலே நுழைய இரண்டு ஓபல் காசு அரசே கொடுத்தது. அடிமைகளின் உழைப்பிலே நின்ற நகரம்தான் அது. அந்தக் குற்றத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் வயிறு நிறைந்தால் போதும், நெஞ்சம் பட்டினி கிடக்கட்டும் என்று அது எண்ணவில்லை. மகிழ்ச்சி என்பது ஊதியம் வாங்கியவர்க்கு மட்டும் தரப்படும் மிகையூதியம் அன்று. மனிதராய் வாழும் நாளெல்லாம் உள்ள உரிமை.

நாடகம் நடத்தும் மன்றத்துத் தோழர்களைக் கேட்கிறோம்: முன் இரு வரிசைகளை முதியோர்க்கென ஒதுக்குங்கள். கட்டணம் செலுத்த இயலாதவரை வாயிலிலே நிறுத்தாதீர்கள். கடைசிப் பேருந்து போகுமுன் ஆட்டத்தை முடியுங்கள். படியேற ஒரு கைப்பிடி அமையுங்கள். முதியவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திவிட்டு, படியிறங்கியதும் மறந்துவிடாதீர்கள். வீட்டுத் தோழர்களைக் கேட்கிறோம்: அத்தையும் மாமாவும் நாடகம் சென்று திரும்பும் இரவிலே உணவைச் சமைத்து மூடி வையுங்கள்; "கதை என்ன?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு மறுத்துப் பேசுங்கள். மறுத்துப் பேசத் தகுந்தவராக ஒருவரை மதிப்பதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

நாளை மாலையும் அந்த இணையர் உங்கள் வாயிலைக் கடந்து செல்வர். அரங்கிலே இடம் தேடி உங்கள் வரிசைக்கும் வருவர். அறம் எதுவென நமக்குத் தெரியும். கைதட்டியது போதும், எழுந்து நிற்போம்.